கோர்ட் பூட்டியிருக்கும்போதும் ஓடும் நாட்கள்

வக்கீல் தொழிலைப் பார்த்து ஊரார் பொறாமைப்படுவது சிவில் கோர்ட்டுகள் மூடும் மே மாதத்தில்தான். “உங்களுக்கென்ன சார், ஒரு மாசம் முழுசா லீவு” என்பார்கள். அதே மே மாதத்தில் ஊட்டி மலர்க்கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். குடும்பம் பூக்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நாலடி தள்ளி ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “பயப்படாதீங்க, ஜூன்ல பாத்துக்கலாம்” என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வக்கீலாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. விடுமுறையில் வேலையை மறப்பதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும், போனைத் தள்ளி வைக்கப் பழக வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் அறிவுரை எழுதுகிறார்கள். பிரான்சில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டமாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது என்று மேற்கோளும் காட்டுகிறார்கள். சம்பளம் தரும் முதலாளி இல்லாத வக்கீல் அந்த உரிமையை யாரிடம் கேட்பார்? வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரரிடமா?

இந்த மனக்கட்டுப்பாட்டு வாதம் எனக்கு நெடுநாளாக ஒட்டவில்லை. போனை அணைத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளும் வக்கீலுக்கு மனம் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஒரு வழக்குக் கட்டுக்குள் ஏதோ ஒரு தேதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எது என்றுதான் தெரியாது. அந்த ‘எது’வைக் கண்டுபிடிப்பது ஏப்ரல் மாத வேலை. அதைச் செய்யாமல் மே மாதத்தில் எந்தத் தியானமும் உதவாது.

இரண்டு கடிகாரங்கள்

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 4-வது பிரிவுதான் வக்கீல்களின் மே மாதத் தாலாட்டு. காலக்கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். இதைச் சட்டக் கல்லூரியிலேயே எல்லோரும் படித்துவிடுகிறோம். படித்ததை ஒட்டுமொத்தமாக எல்லாக் கட்டுகளுக்கும் போர்த்திவிடுவதில்தான் கோளாறு. கோர்ட்டோடு சேர்ந்து தூங்கும் தேதிகள் உண்டு. கோர்ட் தூங்கினாலும் விழித்திருக்கும் தேதிகளும் உண்டு. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் கோர்ட் டைரியையும் கட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இந்த இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். இருநூறு கட்டு உள்ள அலுவலகத்துக்கு இது ஜூனியரும் குமாஸ்தாவும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மாலை வேலை. டைரியை மட்டும் புரட்டினால் போதாது. டைரியில் இருப்பது வாய்தா தேதி. நம் கழுத்தைப் பிடிக்கும் தேதிகள் பெரும்பாலும் டைரியிலேயே ஏறியிருக்காது.

முதலில் செக் வழக்குகள், அதாவது பணமில்லாமல் திரும்பிய செக்குக்காகச் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் போடுபவை. வங்கியிலிருந்து ரிட்டர்ன் மெமோ கிடைத்த தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 8-ல் மெமோ கைக்கு வந்தால் மே 8 கடைசி. நோட்டீஸ் போவது தபாலில், தபால் நிலையத்துக்கு மே மாத விடுமுறை கிடையாது. இந்த 30 நாளைத் தவறவிட்டால் தாமத மன்னிப்பு மனுவும் எடுபடாது. செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பி வந்து, புதிதாக நோட்டீஸ் விடலாம். இல்லையென்றால் 138 போச்சு, சிவில் வழக்குதான் மிச்சம்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்ட வழக்கில் கண்ணி இன்னும் நுணுக்கமானது. மார்ச் 27-ல் எதிராளி நோட்டீஸ் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். பணம் கட்ட அவருக்குள்ள 15 நாள் ஏப்ரல் 11-ல் முடிகிறது. 12-ல் வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அன்றைய நாளைக் கழித்து ஒரு மாதம் எண்ணினால் மே 12. ‘மே தானே, 4-வது பிரிவு இருக்கிறது, ஜூனில் போடலாம்’ என்று கை பரபரக்கும். புகார் போக வேண்டியது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு, அதற்கு மே விடுமுறை இல்லை. மூடாத கோர்ட்டைக் காட்டி மூடியிருந்தது என்று எப்படிச் சொல்வது? புகார் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க அதே சட்டத்தின் 142-வது பிரிவில் வழி இருக்கிறது என்பது உண்மை. குன்னூரில் இருந்தேன் என்பது ‘போதுமான காரணம்’ ஆகுமா என்பதை அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

மத்தியஸ்தத் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்த்து மத்தியஸ்தச் சட்டத்தின் 34-வது பிரிவில் போடும் மனுவில் இதே விளையாட்டு வேறு உருவில் வரும். தீர்ப்பின் பிரதி கிடைத்து மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. பிப்ரவரி 12-ல் பிரதி கிடைத்திருந்தால் மூன்று மாதம் மே 12-ல் முடிகிறது. கோர்ட் மூடியிருக்கிறது, திறக்கும் அன்று தாக்கல் செய்தால் போதும். ஜனவரி 28-ல் கிடைத்திருந்தால்? மூன்று மாதம் ஏப்ரல் 28-லேயே முடிந்துவிட்டது, அன்று கோர்ட் திறந்திருந்தது. கூடுதல் 30 நாள் மே 28-ல் முடியும். அந்த 30 நாளுக்கு 4-வது பிரிவின் குடை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னதை 2025 ஜனவரியிலும் உறுதி செய்தது. ஜூனில் கோர்ட் திறந்த முதல் நிமிடத்தில் போய் நின்றாலும் கதவு சாத்தியாகிவிட்டது. பிரதி முதலில் கிடைத்தவர் பதினைந்து நாள் முன்னால் இருக்கிறார் என்று நாம் நினைப்போம். அவருக்குத்தான் மே மாதம் கிடையாது.

வணிக வழக்குகளில் எதிருரைக்கு, அதாவது பிரதிவாதியின் பதிலுக்கு, 120 நாள் என்ற வரம்பையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 120 தாண்டினால் எதிருரை போடும் உரிமையே போய்விடும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. முதல் 30 நாளுக்குப் பின்னே வருவதெல்லாம் நீட்டிப்புதான். நீட்டிப்பின் கடைசி நாளை விடுமுறைக்குள் தள்ளிவிட்டு 4-வது பிரிவைத் துணைக்கு அழைப்பது சூதாட்டம். நுகர்வோர் ஆணையத்தில் பதிலுரைக்கு 30 நாள், மேலும் 15, அவ்வளவுதான். 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொன்ன பிறகு அதில் நெகிழ்வு கிடையாது. ஆணையங்களும் தீர்ப்பாயங்களும் தத்தம் நாட்காட்டிப்படி நடப்பவை, சிவில் கோர்ட்டின் மே மாதத்தை அவற்றின் மேல் ஏற்றக் கூடாது. ஜிஎஸ்டி நோட்டீஸ் பதில்கள் போர்ட்டலில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட உறக்கமில்லாத கடிகாரம் சிறையில் இருப்பவருடையது. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2), இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 187(3). ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது 2023-ல் தீர்ந்த சங்கதி. மார்ச் 10-ல் ரிமாண்ட் என்றால் மே 8-ல் 60 நிறைகிறது. மே 9 காலை கோர்ட் உட்காரும்போது மனு மேசையில் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்து சேருவதற்கு முன் மனு போட்டிருந்தால்தான் அந்த உரிமை நிலைக்கும். மத்தியானம் வரை தள்ளினால் அதற்குள் அவர்கள் தாக்கல் செய்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் நாடு முழுக்கக் கோர்ட்டுகள் முடங்கி, எல்லாக் காலக்கெடுக்களையும் உச்ச நீதிமன்றமே நீட்டித்திருந்தது. அந்த நீட்டிப்பு போலீஸுக்கும் பொருந்தும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜாமீன் மறுத்த வழக்கு ஒன்று சமயநல்லூர் காவல் நிலையத்திலிருந்து கிளம்பி டெல்லி வரை போனது. 2020 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, பொருந்தாது என்றது. ஊரே நின்றபோதும் அந்த ஒரு கடிகாரம் நிற்கவில்லை. ஒரு மே மாத விடுமுறைக்கா நின்றுவிடும்?

இந்தத் தாளை எழுதி முடித்ததும் ஒரு மாற்றம் நடக்கும். இருநூறு கட்டாக மனதில் கனத்துக்கொண்டிருந்தது, பதினொன்றோ பதினான்கோ வரிகளாகச் சுருங்கிவிடும். மீதியெல்லாம் உண்மையிலேயே தூங்குகின்றன என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. வலப்பக்கத்தில், அதாவது விழித்திருக்கும் தேதிகளின் பட்டியலில் உள்ளதை ஏப்ரல் 30-க்குள் தாக்கல் செய்துவிடலாம், அல்லது தேதியோடு ஒருவர் கையில் ஒப்படைக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. இடப்பக்கத்தில், அதாவது 4-வது பிரிவை நம்பிவிட்ட பட்டியலிலும், தயாராக இருப்பதை இப்போதே போட்டுவிடுவது நல்லது. இ-ஃபைலிங் நாள் முழுக்கத் திறந்திருக்கும் காலத்தில், கோர்ட் மூடியிருந்தது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு சும்மா விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டைரியில் ஏறாத சில்லறைகள்

என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் கேவியட் மனு 90 நாள்தான் உயிரோடு இருக்கும். பிப்ரவரி 10-ல் போட்டது மே 11-ஓடு செத்துவிடும். எதிர்த்தரப்பு விடுமுறைக்கால அமர்வில் வந்து உங்களுக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்கிப்போக அதைவிட வசதியான நேரம் இல்லை. ஏப்ரல் கடைசியில் புதிதாகப் போட்டுவிடுங்கள். குறிப்பிட்ட தேதி வரை என்று கொடுத்த இடைக்காலத் தடைகளைத் தேடி எடுத்து, தேதி மே மாதத்தில் விழுந்தால் கடைசி வேலை நாளுக்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். நீட்டிப்புக் கேட்டோமா இல்லையா என்று கொடைக்கானலில் யோசிப்பது கொடுமை.

அடுத்தது நகல் மனுக்கள். மேல்முறையீட்டுக் காலத்தில் நகல் தயாராக ஆகும் நாட்கள் கழியும், உண்மை. நகலுக்கான முத்திரை கேட்டு நம் மனு எண்ணை அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நாம் கட்டாமல் விட்ட நாட்கள் கழியாது. கட்டாமலே விட்டால் நகல் மனு அடிபட்டுப் போகும். ஏப்ரல் கடைசி வாரத்தில் குமாஸ்தா எல்லாக் கோர்ட்டுகளின் பலகையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ரிட்டர்ன் ஆன பேப்பர்களும் அப்படித்தான். நம்பர் ஆகாமல் திரும்பி வந்து, பீரோ மேல் உட்கார்ந்திருக்கும் மனுவுக்கு இ-கோர்ட்ஸ் செயலியில் வரலாறு இருக்காது, யாரும் நினைவூட்ட மாட்டார்கள். குறை தீர்த்து மறுபடி தாக்கல் (ரீப்ரசன்ட்) செய்யத் தவறிய நாளுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு மனு எழுத வேண்டி வரும்.

கிரிமினல் பக்கம் மட்டுமே நடத்துபவர்களுக்கு மே மாதம் என்று ஒன்று கிடையாது என்பதைச் சிவில்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஊருக்குப் போக வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல் வாய்தாக்களிலேயே பார்த்துத் தேதி வாங்கியிருக்க வேண்டும். போகிற பதினைந்து நாளில் விழும் ஒவ்வொரு வாய்தாவுக்கும், கட்சிக்காரர் வராவிட்டால் அன்றைக்கு அவர் வராததை மன்னிக்கக் கேட்கும் 317 மனு போட ஒருவர் வேண்டும். பிஎன்எஸ்எஸ்ஸில் எண் 355 ஆகிவிட்டாலும் கோர்ட் வராண்டாவில் 317-தான். அந்த ஒரு தாள் போடாமல் விட்டால் கட்சிக்காரர் மேல் பிடிவாரண்ட். அதன் பிறகு உங்கள் விடுமுறை பற்றிப் பேச என்ன இருக்கிறது? வேறு கோர்ட்டில் வேலையாக இருந்தேன் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று சிவில் சட்டமும் சொல்கிறது, கிரிமினல் சட்டமும் சொல்கிறது.

ஒப்படைப்பது

“பாத்துக்கப்பா” என்பது ஒப்படைப்பு ஆகாது. பார்த்துக்கொள்பவரின் பெயர் வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அவர் எழுந்து நின்று நேரம் கேட்கலாம், வாதாட வேண்டுமென்றால் உங்கள் சார்பில் ஆஜராகும் மெமோ ஒன்று போட வேண்டியிருக்கும். மனு தாக்கல் செய்ய அவருக்கே இ-ஃபைலிங் கணக்கு இருக்க வேண்டும். உங்கள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுப் போவது தவறு, பயனும் இல்லை. ஆதாரை வைத்துக் கையொப்பமிட வேண்டி வந்தால் ஓடிபி உங்கள் போனுக்கு வரும், நீங்கள் அணைத்து வைத்திருப்பீர்கள்.

கட்சிக்காரரிடம் வெற்று அபிடவிட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டாம். உறுதிமொழி என்பது எழுதியதைப் படித்து, ஒருவர் முன் கையெழுத்திடுவது. ஆள் ஊரில் இல்லாத தேதியில் அபிடவிட் உறுதி செய்யப்பட்டிருந்தால் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துத் தொங்கும். வக்காலத்து மட்டும் பெயர்களை நிரப்பி வாங்கி வைத்தால் போதும். வேலிச் சண்டை உள்ள வழக்குகளில் உத்தரவு நகல், வரைபடம், சமீபத்திய தேதியிட்ட புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும். ஜேசிபி வருவது எப்போதும் கடைசி வேலை நாள் சாயங்காலம்தான். விடுமுறைக்கால அமர்வு எந்த நாளில் தாக்கல், எந்த நாளில் விசாரணை என்ற அந்த ஆண்டு அறிவிப்பை அந்த உறையின் மேலேயே ஒட்டிவிடலாம். போன வருஷ நினைவை நம்ப வேண்டாம்.

ஒப்படைப்பு வாங்கிக்கொள்ளும் ஜூனியரைப் பற்றி ஒரு வார்த்தை. சீனியர் நிம்மதியாகக் கடல் பார்க்க, மே முழுக்க மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில் நிற்பவர் அவர். கோர்ட் லீவு என்ற பேரில் அந்த மாதம் அவருக்குப் பணம் கொடுக்காத அலுவலகங்கள் உண்டு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னபோது மே மாதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஜூனியர் இல்லாமல் தனியாக நடத்துபவர்கள் நம்பிக்கையான ஒருவரோடு மாதத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்: மே முதல் பாதி உனக்கு, இரண்டாம் பாதி எனக்கு. கட்சிக்காரரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும். ரகசியம் அவருடையது.

போன்

கட்சிக்காரர் ஏன் கூப்பிடுகிறார்? பதினோரு வருஷமாக நடக்கும் பாகப்பிரிவினை வழக்கில் மே 14 அன்று அவசரம் ஒன்றும் இருக்க முடியாது. அடுத்த வாய்தா எப்போது என்று அவருக்குத் தெரியாது, அதனால் கூப்பிடுகிறார். தெரிந்தால் பாதிப் பேர் கூப்பிட மாட்டார்கள். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் வழக்கு எண்ணோடு இப்படி ஒரு செய்தி போக வேண்டும்:

“ஐயா, வணக்கம். உங்கள் வழக்கின் அடுத்த வாய்தா ஜூன் 18. அதுவரை கோர்ட்டில் இந்த வழக்கில் எதுவும் நடக்காது. நீங்கள் வரவோ, எதுவும் கொண்டுவந்து தரவோ வேண்டியதில்லை. மே 5 முதல் 20 வரை நான் ஊரில் இல்லை. போலீஸ் கூப்பிட்டால், சம்மனோ நோட்டீஸோ வந்தால், சொத்தில் யாராவது கை வைத்தால் அலுவலக எண்ணுக்குப் பேசுங்கள். எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடும் முன் அதைப் படமெடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வக்கீல் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் சமரசம் பேச வரும் மைத்துனர்கள் எல்லா வழக்கிலும் இருக்கிறார்கள்.

கருவியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. வாட்ஸாப் பிசினஸில் ‘ஊரில் இல்லை’ என்று தானாகப் பதில் போகும்படி வைக்கலாம், ஆனால் உங்கள் போனில் இணையம் இருந்தால்தான் அது போகும். போனை அணைத்துவிட்டால் பதிலும் அணைந்துவிடும். ஆகவே அலுவலக சிம்மைத் தனி போனில் போட்டு, அலுவலக மேசையில் சார்ஜரோடு விட்டுவிட்டுப் போவதுதான் சரி. நட்சத்திரக் குறி போட்டு எண்களை அழுத்தி அழைப்பை ஜூனியரின் எண்ணுக்குத் திருப்பிவிடும் பழைய வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. போனின் அமைப்புகளுக்குள் போய் வைத்து, வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டுச் சரிபாருங்கள், கிளம்பும் முன்தினமே.

உங்களோடு போகும் சொந்த எண் ஜூனியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவரும் ஒரு நாளில் ஒரு நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு, விஷயம் இருந்தால் மட்டும் ஒரு செய்தி. ‘ஒன்றுமில்லை சார்’ என்று தினமும் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்த ‘ஒன்றுமில்லை’ வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் வேலைதான்.

திரும்பும் நாள்

புறப்படும் நாளைவிடத் திரும்பும் நாளில் தவறுபவர்கள் அதிகம். ஜூனில் கோர்ட் திறக்கும் நாள் காலை நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, நேரே அங்கி மாட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் டிக்கெட் போடுகிறார்கள். 4-வது பிரிவு தருவது திறக்கும் அந்த ஒரு நாள் மட்டும், மறுநாள் கிடையாது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம், சர்வர் மந்தம், கோர்ட் கட்டணம் ஏறவில்லை, தாக்கல் பிரிவில் நீண்ட வரிசை, எல்லோருடைய ‘ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்’ மனுக்களும் அன்றுதான் வந்து குவியும். மூன்று நாள் முன்னதாக ஊர் திரும்பி, இடப்பக்கப் பட்டியலில் மிஞ்சியவற்றைச் சனிக்கிழமையே ஸ்கேன் செய்து, கட்டணம் கட்டி, ரசீது எண்ணை எழுதி, கையொப்பங்களைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள். அலுவலக மேசையில் இருக்கும் அந்த இன்னொரு போனை அதற்குப் பிறகு திறந்தால் போதும். அதில் குவிந்து கிடக்கும் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூக்கள் இன்னும் இரண்டு நாள் வாடாமல் இருக்கும்.